மைம்மீனும் மூன்று வினாடியும்

சனிப் பெயர்ச்சிக் காலம் நெருங்கும்போதெல்லாம் நம்மவர் கைப்பேசிகளில் ஒரு செய்தி தவறாமல் வந்து சேர்கிறது. வானில் சுற்றும் செயற்கைக்கோள்கள் திருநள்ளாற்றுச் சனீசுவரன் சந்நிதிக்கு நேர் மேலே வரும்பொழுது மூன்று வினாடி ஸ்தம்பித்து நின்று பிறகே நகர்கின்றன என்றும், சனிக் கிரகத்திலிருந்து புறப்படும் கருநீலக் கதிர்கள் அவ்வூரின்மேல் விழுவதே அதற்குக் காரணம் என்றும், நாசா விஞ்ஞானிகள் இதைக் கண்டு வியந்து நேரில் வந்து வணங்கிச் சென்றார்கள் என்றும் அச்செய்தி கூறுகிறது. படியாதவர், படித்தவர், கல்லூரியில் பௌதிகமே பயின்றவர் என்ற பேதமின்றிப் பலரும் இதை நம்புகிறார்கள். நம்புவதோடு நில்லாது, பிறருக்கும் அனுப்பிப் புண்ணியம் தேடிக்கொண்டதாகத் திருப்தி அடைகிறார்கள். இது முழுப் பொய். இப்பொய்யினால் நாம் இழப்பது மிகப் பெரிது.

நளன் கதையை நினைந்து நளதீர்த்தத்தில் நீராடி, தர்ப்பாரண்யேசுவரரைத் தொழுது, தம் துன்பம் தீர வேண்டுமென்று சனீசுவரன் முன் எள்விளக்கு ஏற்றி நிற்பவரின் பக்தியை மறுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தப் பக்திக்கு எந்தச் செயற்கைக்கோளின் சாட்சியும் வேண்டியதில்லை. செயற்கைக்கோள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே அது அங்கே இருந்தது. என் வழக்கெல்லாம், விஞ்ஞானத்தின் பெயரால் விஞ்ஞானத்துக்கு முற்றிலும் விரோதமான ஒரு கூற்றைப் பரப்புவோரோடுதான்.

செயற்கைக்கோள் ஆகாயத்தில் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை முதலில் சிந்திப்போம். தினைப்புனம் காப்பவர் சுழற்றும் கவணில் கல் கீழே விழாதிருப்பதற்கு அதன் வேகமே காரணமாவது போல, பூமி இடைவிடாது தன்பால் இழுத்துக்கொண்டிருக்க, அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்கும் வேகத்தோடு ஓடிக்கொண்டே இருப்பதாலேதான் செயற்கைக்கோள் விழாமல் சுற்றுகிறது. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் சர்வதேச விண்வெளி நிலையம் வினாடிக்கு 7.7 கிலோமீட்டர் வீதம் விரைகிறது. அது ஒரு கணம் நின்றுவிட்டால், இழந்த வேகத்தை மீண்டும் ஊட்டுவார் எவருமின்றிப் பூமியை நோக்கி வீழ்ந்து, காற்று மண்டலத்தில் எரிந்து அழிவதைத் தவிர அதற்கு வேறு கதியில்லை. நாளொன்றுக்கு 15 முறைக்கு மேல் பூமியைச் சுற்றிவரும் அந்நிலையத்தில் 2000-ஆம் ஆண்டு நவம்பர் முதல் மனிதர் இடையறாது வசித்து வருகின்றனர். காவிரிப் படுகையின் மேலும் அது எத்தனையோ முறை சென்றிருக்கிறது. மூன்று வினாடி தாமதித்தாலே தன் இடத்திலிருந்து 23 கிலோமீட்டர் பிந்திவிடும் அது, முன்கூட்டிக் கணித்த நேரத்தில் கணித்த இடத்தில் தோன்றி, தயக்கமின்றி வானைக் கடந்து மறைவதை அந்தி வேளையில் நம் வீட்டு மொட்டை மாடியில் நின்று வெறுங்கண்ணாலேயே காணலாம். இதைக் காட்டிலும் பிரத்தியட்சமான பிரமாணம் வேறென்ன வேண்டும்?

ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும் செயற்கைக்கோள்களும் உண்டே என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே கால அளவில் சுற்றுவதால் அவை நமக்கு அசைவற்றவையாகத் தோன்றுகின்றன. ஆனால் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே மட்டுமே அவ்வாறு தோன்ற முடியும். திருநள்ளாறோ அதற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது.

இனிக் கருநீலக் கதிரைப் பார்ப்போம். சனிக்குச் சொந்த ஒளி இல்லை. சூரியனிடமிருந்து பெற்ற ஒளியையே அது பிரதிபலிக்கிறது. மிக நெருங்கிய நாளிலும் நமக்கு 119 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அதன் ஒளி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் செய்து வந்து, தன்னை நோக்கிய பூமியின் பாதி முழுவதன்மேலும் சமமாகப் பரவுகிறது. அத்தனை தொலைவிலிருந்து வரும் ஒளி ஓர் ஊரைத் தேர்ந்து, கணந்தோறும் சுழலும் பூமியில் அவ்வூரை மட்டும் தொடர்ந்து தீண்டும் என்பது நடவாத காரியம். அவ்வொளியின் நிறமும் பெரும்பாலும் வெளிர்மஞ்சளே.

ஆயினும் சனி நீலமாகத் தோன்றியதும் உண்டு என்பதை அறிந்தால், இப்பொய் நம்மிடமிருந்து மறைத்துவிட்டது எத்தகைய அற்புதம் என்பது விளங்கும். 1997-ஆம் ஆண்டு அக்டோபரில் புறப்பட்டு, ஏழாண்டுப் பிரயாணத்துக்குப்பின் 2004-இல் சனியை அடைந்த காசினி விண்கலம், அப்பொழுது குளிர்காலத்தில் இருந்த அதன் வட பாதி நீலம் பூத்திருக்கக் கண்டது. அங்கே மேல்மண்டலத்தில் மூட்டம் குறைந்து தெளிந்திருந்தமையால், நம் வானத்தை நீலமாக்கும் அதே ஒளிச்சிதறல் சனியின் வானத்தையும் நீலமாக்கியிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கோடை நெருங்கி மூட்டம் திரண்டதும், அந்த நீலம் பொன்னிறமாக மாறியது.

அதன் வடதுருவத்தில், பக்கம் ஒன்று நம் பூமியின் குறுக்களவைவிட நீண்டதான அறுகோண வடிவில் ஒரு பெருங்காற்றோட்டம் சுழன்றுகொண்டிருக்கிறது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் விரிந்த வளையங்களின் பருமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டருக்கு மேற்படவில்லை. அவ்வளையங்களில் எழும் நுண்ணிய அலைகளைக் கொண்டு, சனியின் ஒரு நாள் 10 மணி 33 நிமிடம் 38 வினாடி என்று 2019-இல் கணித்தார்கள். தமிழ்நாட்டின் நீளத்துக்குள் அடங்கிவிடும் 500 கிலோமீட்டர் குறுக்களவுடைய என்சலாடஸ் என்னும் சிறு நிலவின் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டெழுவதை 2005-இல் காசினி கண்டது. அதன் பனி ஓட்டின் அடியில் ஓர் உப்புநீர்ச் சமுத்திரம் இருப்பது பின்னர் உறுதியாயிற்று. அந்நீரிலிருந்து வந்த துகள்களில் உயிருக்கு இன்றியமையாத பாஸ்பரஸும் கலந்திருப்பதை 2023-இல் அறிவித்தார்கள். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 புதிய நிலவுகள் சேர, சனியின் நிலவுகள் 274 ஆயின. இவற்றுள் எதையேனும் கைப்பேசியில் நமக்கு அனுப்பிய அன்பர் எத்தனை பேர்?

“இதெல்லாம் மேல்நாட்டார் விஷயம், நம் முன்னோர் பெருமையை நாங்கள் சொல்கிறோம்” என்பார் சிலர். முன்னோர் பெருமையை அறிந்தவர் இப்படிப் பேசமாட்டார். சனி என்ற பெயரே, மெல்லச் செல்பவன் என்று பொருள்படும் சனைச்சரன் என்பதன் சுருக்கம். இரவுதோறும் வானத்தைக் கண்டு, மற்றைக் கிரகங்களோடு ஒப்பிட்டு, பல தலைமுறை பொறுத்திருந்து இட்ட பெயர் அது. சங்கச் சான்றோர் அதனையே மைம்மீன் என்றனர். 43,20,000 ஆண்டில் சனி 1,46,564 சுற்று வரும் என்று கணித்தார் ஆரியபடர். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29.475 ஆண்டு ஆகிறது. தொலைநோக்கி இல்லாத காலத்தில் செய்த அக்கணக்கு, இன்றைய அளவுக்குச் சில நாள்களே வேறுபடுகிறது. எந்த எந்திரமும் எங்கேயும் நின்றதாக அவர் சொல்லவில்லை. பார்த்தார், எண்ணினார், எழுதினார்.

பார்ப்பதை நாம் நிறுத்தியபோது என்ன நேர்ந்தது என்பதற்கும் சனியே சாட்சி. 2023-ஆம் ஆண்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஜனவரி 17-இல் சனி கும்பத்துக்குப் பெயர்ந்ததாகக் குறித்தது. வாக்கியப் பஞ்சாங்கமோ டிசம்பர் 20 என்றது. வானத்தில் இருப்பது ஒரே சனி; அது ஓரிடத்திலேதான் இருக்கும். சுற்றுக்குச் சில நாளாக இருக்கும் சிறு பிழையும், திருத்துவாரின்றி விட்டால், பல நூற்றாண்டுகளில் திரண்டு மாதக்கணக்கான பேதமாகிவிடும். இதை உணர்ந்து, சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே கண்ணால் கண்டதோடு கணக்கு ஒத்துவர வேண்டும் என்று திருக்கணித முறைக்காகப் பாடுபட்டார். பஞ்சாங்க மரபில் வந்தவர்; அம்மரபின்மேல் கொண்ட பற்றினாலேயே அதைத் திருத்த முற்பட்டவர். முன்னோரை மதிப்பது என்றால் இதுதான்.

பொய்யான அற்புதம் ஒன்றில் திருப்தியடைந்த மனம் மெய்யான அற்புதத்தைத் தேடிப் புறப்படுவதில்லை. அதனினும் கொடிது, இச்செய்தியை நம்பி வளரும் பிள்ளை பின்னொரு நாள் அது பொய்யென்று அறியும்போது, பொய்யை மட்டும் உதறிவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றிக்கொள்ளும் விவேகம் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. சொன்ன பாட்டியையும், தொழுத கோயிலையும், படித்த விஞ்ஞானத்தையும் ஒருங்கே சந்தேகிக்கும் நிலை வந்துவிடும். பக்தியைக் காப்பதாக எண்ணி இதைப் பரப்புவோர், தாம் நிற்கும் கிளையையே வெட்டுகிறார்கள்.

சனியின்முன் நின்ற ஒரு விண்கலத்தின் கதைதான் வேண்டுமென்றால், மெய்க்கதை ஒன்று இருக்கிறது. காசினி 13 ஆண்டு சனியை நீங்காது, 294 முறை அதை வலம்வந்தது. எரிபொருள் தீரும் தறுவாயில், உயிர் இருக்கக்கூடிய என்சலாடஸ் போன்ற நிலவுகளில் தவறி விழுந்து அவற்றை மாசுபடுத்திவிடக் கூடாது என்று கருதி, 2017 செப்டம்பர் 15-இல் அதைச் சனியின் மேகங்களுக்குள்ளேயே செலுத்தி முடித்தார்கள். எரிந்து சிதறும் கடைசிக் கணம்வரை அது கண்டதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் கடைசிச் சொல் 83 நிமிடம் பிரயாணம் செய்து பூமியை அடைந்தபோது, சொன்ன கலம் இல்லை. அடுத்த பெயர்ச்சிக்கு அந்தப் பொய்ச்செய்தி வந்து சேரும்போது, அதை அழித்துவிட்டு இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மாடிக்கு அழைத்துச் சென்று, இமையாது ஒளிரும் அந்த மைம்மீனை விரல்நீட்டிக் காட்டுங்கள்.