அலமாரியில் கிடந்த 2350

சாம்பல் இலக்கியம் என்றால் சுடுகாட்டுக் கவிதை அல்ல. அரசுத் துறைகளின் அறிக்கைகள், கருத்தரங்கக் கட்டுரைகள், தொண்டு நிறுவனங்களின் வெளியீடுகள், பல்கலைக்கழக நூலகங்களில் தூசி படிந்து கிடக்கும் பிஎச்.டி. ஆய்வேடுகள் ஆகியவற்றுக்கு நூலகர்கள் வைத்திருக்கும் பெயர் அது. பெரும்பாலும் சக விஞ்ஞானிகளின் பரிசீலனைக்கு உட்படாதவை; கடையிலும் கிடைக்காதவை. தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. பிடித்ததைச் சரிபார்க்காமல் பயன்படுத்தினால்? இமயமலைக் கதை அதைத்தான் சொல்கிறது.

ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி 2007இல் தந்த அறிக்கை, இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடும் வாய்ப்பு மிக அதிகம் என்றது. கங்கையையும் பிரம்மபுத்திராவையும் நம்பி வாழும் கோடிக்கணக்கானவர்களுக்குக் கிலியூட்டும் செய்தி. காட்டிய ஆதாரம், டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பின் 2005ஆம் ஆண்டு அறிக்கை. அந்த அறிக்கைக்கு ஆதாரம், பிரிட்டனின் 'நியூ சயின்டிஸ்ட்' பத்திரிகையில் 1999இல் வந்த ஒரு செய்தி. செய்திக்கு ஆதாரம், இந்தியப் பனியியல் நிபுணர் ஒருவர் அளித்த பேட்டி. அதற்கப்பால் ஒன்றுமில்லை.

வேடிக்கை என்னவென்றால், குட்டு அதே பகுதியிலேயே வெளிப்பட்டிருக்கிறது. இமயமலைப் பனியாறுகளின் பரப்பு 30 லட்சம் ஹெக்டேர், அதாவது 30,000 சதுர கி.மீ., என்கிறது ஐபிசிசி. சில வரிகள் தள்ளி, பரப்பு 5 லட்சம் சதுர கி.மீ.யிலிருந்து ஒரு லட்சமாகச் சுருங்கும் என்கிறது. இந்த 5 லட்சம் எங்கிருந்து வந்தது? 1996இல் யுனெஸ்கோ வெளியிட்ட, ரஷ்ய விஞ்ஞானி கோட்லியகோவின் அறிக்கையில் அந்தக் கணக்கு இருக்கிறது. ஆனால் அது துருவங்களைத் தவிர்த்த உலகப் பனியாறுகள் அனைத்துக்குமான கணக்கு. அங்கே தரப்பட்டிருக்கும் ஆண்டு 2350. எண்கள் இடம் மாறிவிட்டன என்பதே நிபுணர்களின் ஊகம்.

பிண்டாரி பனியாற்றுக்கு நேர்ந்தது இன்னும் எளிய பிழை. 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியதாம், ஆண்டுக்கு 135.2 மீட்டராம். 121ஆல் வகுக்க வேண்டியதை 21ஆல் வகுத்திருக்கிறார்கள். சரியான விடை சுமார் 23 மீட்டர்.

2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு விவாத அறிக்கையை வெளியிட்டது. எழுதியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முன்னாள் துணைத் தலைமை இயக்குநர் வி.கே. ரெய்னா. பனியாறுகளின் பின்வாங்கலில் அசாதாரண வேகம் தெரியவில்லை என்றார் அவர். மாந்திரீக விஞ்ஞானம் என்று எகிறினார் அன்றைய ஐபிசிசி தலைவர் ஆர்.கே. பச்சௌரி. இரண்டே மாதங்களில், 2010 ஜனவரி 20 அன்று, 2035 பற்றிய பத்திக்காக ஐபிசிசி வருத்தம் தெரிவித்தது. ரெய்னாவின் அறிக்கையும் சாம்பல் இலக்கியம்தான்!

அப்படியானால் இவற்றை ஒதுக்கிவிடலாமா? முடியாது. இமயமலையில் பனியில் நடந்து எடுத்த அளவுகளில் பலவும் துறை அறிக்கைகளில்தான் இருக்கின்றன. 2010 ஆகஸ்டில் ஐபிசிசியின் நடைமுறைகளை ஆராய்ந்த விஞ்ஞானக் கழகங்களின் குழுவும் தடை கேட்கவில்லை. அத்தகைய ஆதாரங்களை எடைபோட்டு, அவை இன்ன வகை என்று குறிப்பிடச் சொன்னது.

பனியாறுகள் உருகுவது என்னவோ உண்மை. உலக வெப்ப உயர்வு 1.5 டிகிரியோடு நின்றால்கூட, இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்துகுஷ்-இமயமலைப் பனியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்கிறது காட்மாண்டுவிலுள்ள ஐசிமோட் நிறுவனத்தின் 2019 மதிப்பீடு. ஒரு தவறான ஆண்டைப் பிடித்துக்கொண்டு, உருகலே கட்டுக்கதை என்று வாதிடக் கிளம்பியவர்களுக்கு அது நல்ல தீனி. 2350 என்ற எண் இருந்த யுனெஸ்கோ அறிக்கையோ, ஐபிசிசி தவறு செய்வதற்கு 11 ஆண்டுகள் முன்பே அச்சாகியிருந்தது.