பூட்டி வைத்த வித்தை

தெரிந்த வித்தையை மறைப்பது நம் ஊரில் பழைய வழக்கம். நாட்டு வைத்தியர் சிலர் மருந்தின் முறையைப் பெற்ற மகனுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். அவர்கள் கண்ணை மூடியதும் மருந்தும் மறைந்துவிடும்.

மதுரையில் இதற்கு நேர்மாறான காரியம் நடந்திருக்கிறது.

டாக்டர் கோ. வெங்கடசாமி, ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையை நீக்கியபின் கண்ணுக்குள் சின்னஞ்சிறு வில்லை ஒன்றை வைத்தால் பார்வை தெளியும். ஆனால் வெளிநாட்டு வில்லைக்கு ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். ஏழைக் குடியானவர் என்ன செய்வார்?

அமெரிக்காவின் சேவா நிறுவனத்தாரும் டேவிட் கிரீன் என்பவரும் செய்முறையைக் கொண்டுவர உதவினார்கள். 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொழிற்சாலை தோன்றியது. வில்லையின் விலை சில நூறு ரூபாய்க்கு இறங்கியது. பகிர்ந்த அறிவு பார்வையாகப் பலித்தது.

எந்தக் கண்ணுக்கு எந்த வில்லை? கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து கணக்குப் போடுவார்கள். பல்லாயிரம் கண்களில் முன்பு கிடைத்த பலனைப் படித்து, இந்தக் கணக்கைப் போட்டுத் தரும் மென்பொருளும் இப்போது வந்துவிட்டது.

சர்க்கரை நோயால் வரும் கண் கோளாறைக் கண்டுபிடிக்கவும் கணிப்பொறி கற்றுக்கொண்டது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் அதற்குப் பாடமானவை 1,28,175 படங்கள். மதிப்பிட்டவர்கள் 54 டாக்டர்கள். அரவிந்தும் படங்கள் தந்தது. டாக்டர்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் இயந்திரம் கற்றது.

என்ஜினீயரிங் தொழிலுக்கும் இது பொருந்தும். கப்பலூர்ப் பட்டறையில் ஒரு பல்சக்கரம் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன் உடைந்தது என்பது மேஸ்திரிக்குத் தெரியும். அதை எழுதி வைத்தால், அடுத்த சக்கரத்தை வரைகிறவருக்கும் அவருடைய மென்பொருளுக்கும் அது பாடம். எழுதாவிட்டால் அதே சக்கரம் அடுத்த பட்டறையிலும் உடையும். பட்டறைக்காரர்களும் பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து இத்தகைய அனுபவங்களைத் தமிழில் தொகுக்க வேண்டும். தொழில் ரகசியம் போய்விடுமே என்ற பயம் நியாயமானதே. வாடிக்கையாளர் பெயரையும் விலையையும் விட்டுவிட்டு, தவறையும் அதற்குக் கண்ட தீர்வையும் மட்டும் எழுதினால் போதும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பாடத்தில் இல்லாததைக் கேட்டால் இயந்திரம் தவறு செய்யும். தவறு என்று அதற்குத் தெரியவும் தெரியாது. ஆகவே வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு மனிதருடையதே.