பேதியுப்பும் பேறுகால வலிப்பும்

மக்னீசியம் சல்பேட் என்னும் வெண்ணிறப் படிக உப்பைப் பொதுமக்கள் பேதியுப்பு என்றே அறிவர். பெயர் ஒரு பொருளின் ஒரு குணத்தை மாத்திரம் காட்டி, அதனினும் சிறந்த குணத்தை மறைத்துவிடுவதுண்டு. இவ்வுப்பின் கதையும் அத்தகையதே. மலமிளக்கி என்று எளிதாக எண்ணப்படும் இது, பிரசவ காலத்தில் தாயின் உயிரைக் காக்கும் மருந்தாகவும் விளங்குகிறது.

இங்கிலாந்தில் எப்சம் என்னும் ஊரில், 1618ஆம் ஆண்டில், மாடுகள் பருக மறுத்த கசப்பான ஊற்றுநீரிலிருந்து இவ்வுப்பின் வரலாறு தொடங்கியதாகக் கூறுவர். நெகமையா குரூ என்னும் அறிஞர் 1695இல் இதனைப் பற்றி நூல் எழுதினார். எப்சம் உப்பு என்ற பெயர் அவ்வூரினால் வந்தது. ஒரு பங்கு மக்னீசியம் சல்பேட்டுடன் ஏழு பங்கு நீர் மூலக்கூறுகள் இணைந்ததே இப்படிகம். வாய்வழி உட்கொள்ளும்போது இது குடலில் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. எஞ்சியது குடலினுள் நீரை இழுத்து வைத்துக்கொள்வதால் பேதி உண்டாகிறது. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு மக்னீசியம் உடலில் தங்கித் தீங்கு விளைவிக்குமாதலால், அவர்கள் மருத்துவர் சொல்லின்றி இதனை உண்ணலாகாது.

கருவுற்ற தாய்க்கு இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் கண்டு, தலைவலியும் பார்வை மங்கலும் தோன்றி, பின்னர் வலிப்பு வருமாயின் தாயும் சேயும் ஒருங்கே ஆபத்துக்குள்ளாவர். இவ்வலிப்பைத் தடுப்பதில் எம்மருந்து சிறந்தது என்னும் ஐயம் நெடுநாள் நிலவியது. 1995இல் வெளியான பன்னாட்டு ஆய்வு அதனைத் தீர்த்தது. டயஸிபாம் பெற்றவர்களைவிட மக்னீசியம் சல்பேட் பெற்ற தாய்மார்களிடையே வலிப்பு மீண்டும் வருவது 52 விழுக்காடு குறைந்திருந்தது. பெனிடாயினுடன் ஒப்பிட்டபோது 67 விழுக்காடு குறைந்திருந்தது. பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் பங்குகொண்ட 2002ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு, வலிப்பு வருமுன்னரே இதனைக் கொடுத்தால் அது வரும் வாய்ப்புப் பாதிக்கும் கீழாகக் குறையும் எனக் காட்டியது.

இத்துணைச் சான்றுகள் இருந்தும், ஊசியைக் கையிலெடுக்கக் களப்பணியாளர் சிலர் தயங்குவதுண்டு. அளவு மிகுந்தால் மூச்சு அடங்கிவிடும் என்பதே அவர்தம் அச்சம். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று, ஆயினும் அது பெரிதும் மறுமுறை அளவுகளைப் பற்றியது. முழங்கால் அனிச்சை இருக்கின்றதா, மூச்சு நிமிடத்திற்கு 16க்குக் குறையவில்லையா, சிறுநீர் போதிய அளவு கழிகின்றதா என மூன்றையும் பார்த்தே மருத்துவமனையில் அடுத்த அளவு கொடுக்கப்படுகிறது. நஞ்சு ஏறினால் கால்சியம் குளுக்கோனேட் மாற்று மருந்தாகும். முதல் அளவோ வேறு. துணைச் செவிலியர், 50 விழுக்காட்டுக் கரைசலில் 5 கிராம் வீதம் இரு பிட்டங்களிலும் ஆழமாகச் செலுத்தி, உடனே தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும் என 2010இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஊசி போடாமல் வண்டியேற்றி அனுப்பினால் வழியிலேயே வலிப்பு மீண்டும் வரக்கூடும். ஆகவே பயிற்சி பெற்றவர் தயங்குவது எச்சரிக்கையாகாது. அது காலத்தை வீணாக்குவதேயாம்.

கடையில் பொட்டலமாக விற்கும் உப்பைக் கரைத்து ஊசியாகச் செலுத்துதல் ஒருபோதும் கூடாது. நுண்கிருமி நீக்கிய மருந்துக் குப்பிகளே அதற்குரியவை. அவை துணை நிலையங்களில் என்றும் இருப்பில் இருத்தலும், காலாவதியாகாதவாறு மாற்றப்படுதலும் மேற்பார்வையாளரின் கடமையாகும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. இரசாயன வகுப்பில் இவ்வுப்பைக் காட்டும்போது பேதியை மாத்திரம் கூறி நிறுத்தலாகாது. கருவுற்ற தாய்க்குக் கடுந்தலைவலியும் பார்வை மங்கலும் கண்டால் அன்றே மருத்துவ நிலையம் செல்லவேண்டும் என்று மாணவர் வீட்டில் சொல்வாராயின், அப்பாடம் ஓர் உயிரைக் காத்த பாடமாகலாம். விலை மலிந்த மருந்தென்பதால் அதன் மதிப்பை மறத்தல் தகாது.