உப்புக்காற்றின் மீது போட்ட பழி

"அந்த ஏரியா அப்படித்தான்." ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில் இந்த மூன்று சொற்களை இனி யாராவது என் முன்னால் சொன்னால் சும்மா இருக்கப்போவதில்லை. நான் திருவொற்றியூர்க்காரன் என்பது மட்டும் காரணமல்ல. அதை நம்பி நானே ஐந்து மாதம் முட்டாளாக இருந்தேன்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. வாசலில் எடைமேடை. லாரி ஏறியதும் எடையைப் படித்து, 4ஜி மோடம் வழியாக சர்வருக்கு அனுப்பி, பதில் வந்ததும் சீட்டு அச்சடிக்கும் சின்னப் பெட்டி எங்கள் தயாரிப்பு. உள்ளே ஏ.ஆர்.எம். பிராசஸர், லினக்ஸ். நாளைக்கு ஏழெட்டு முறை இணைப்பு அறுந்தது. திரும்பி வர ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடம்தானே என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். வண்டி மேடையில் இருக்கும்போது அறுந்தால் அந்த எடை செல்லாது. பின்வாங்கி இறங்கி மறுபடி ஏற வேண்டும், பின்னால் நிற்கும் ட்ரெயிலர்கள் எல்லாம் நகர்ந்து வழிவிட வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது. டிரைவருக்குப் பணம் ட்ரிப் கணக்கில். நின்ற நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

எங்களிடம் காரணப் பட்டியல் தயாராக இருந்தது. உப்புக்காற்றில் ஆன்டெனா அரித்திருக்கும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கும், கன்டெய்னர் இரும்பு சிக்னலை மறைக்கும், "அங்க யாராச்சும் பிளக்கைப் பிடுங்கிட்டு போன் சார்ஜ் போடுவாங்க." கடைசியதைச் சொன்னவர் பேசின் பிரிட்ஜைத் தாண்டியதே இல்லை. நானும் தலையாட்டினேன். ஆன்டெனாவை இரண்டு முறை மாற்றினோம்.

வாசல் காவலாளி, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர், முதல் நாளே என்னிடம் சொன்னார்: "தம்பி, டவர் பூட்ச்சுன்னா என் போன்லயும் போவணும்ல? அதே கம்பெனி சிம்முதான். பொட்டி ஆஃப் ஆவசொல்லோ என் போன்ல பாட்டு ஓடிக்கினுதான் கீது." "சரிண்ணே, பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஆன்டெனாவைத் துடைக்கப் போனேன். யோசித்துப் பாருங்கள். ஒரே இடம், ஒரே டவர், ஒரே நேரம், இரண்டு கருவி. ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது. பொறியியல் கல்லூரியின் எந்த ஆய்வகத்திலும் இதைவிடச் சுத்தமான சோதனையை நான் பார்த்ததில்லை. செய்தவரின் அடையாள அட்டையில் இன்ஜினியர் என்று இல்லை, அவ்வளவுதான்.

பிழை எங்கள் நிரலில் இருந்தது. சி மொழியில் 'சார்' என்று எட்டு பிட் வகை ஒன்று உண்டு (மரியாதைச் சொல் அல்ல). அதற்குள் மைனஸ் எண் நிற்குமா நிற்காதா என்பதை மொழி தீர்மானிப்பதில்லை, இயந்திரத்தைப் பொறுத்தது. கெர்னிகனும் ரிட்சியும் 1978 புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள். இன்டெல் மடிக்கணினியில் -128 முதல் 127 வரை. ஏ.ஆர்.எம். லினக்ஸில் 0 முதல் 255 வரை. மோடம் நேரத்துக்குப் பதில் தராவிட்டால் எங்கள் ஃபங்ஷன் -1 தரும். -1 வந்தால் ஒரு விநாடி பொறுத்து மறுபடி கேள் என்பது அடுத்த வரி. மடிக்கணினியில் அழகாக ஓடியது. எண்ணூர்ப் பெட்டியில் அந்த -1 'சார்'க்குள் போனதும் 255 ஆகிவிடும். 255 எந்தக் காலத்திலும் -1க்குச் சமமாகாது. பொறுத்துக் கேட்கும் வரி ஒருமுறைகூட ஓடவில்லை. 'தெரியாத நிலை' என்று முடிவுகட்டி, மோடத்தையே அணைத்துப் போட்டது நிரல். இரும்புக்கு நடுவே மோடம் சில சமயம் தாமதமாகப் பதில் சொல்லும், உண்மை. அதற்காகத்தானே அந்தப் பொறுமை வரியை எழுதினோம்? ஊர் கொஞ்சம் திக்கியது. கழுத்தை நெரித்தது நாங்கள்.

ஐந்தாம் மாதம் ஒரு ராத்திரி, லாக் முழுக்க 255, 255 என்று நிற்பதைப் பார்த்தேன். திருத்தம் ஒரே சொல்: 'சைன்டு'. கம்பைலரிடம் கூடுதல் எச்சரிக்கை கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும். திரை நிறைய வருகிறதென்று அணைத்து வைத்திருந்தோம்.

இந்தக் குழி பெரியவர்களுக்கும் உண்டு. 2022இல் லினக்ஸ் கெர்னலில் ஒரு வைஃபை டிரைவர் இதே தப்பெண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தது, ஏ.ஆர்.எம்.முக்கு கம்பைல் செய்தபோது வெளியே வந்தது. வயர்கார்டை எழுதிய ஜேசன் டோனன்ஃபெல்டு அதோடு விடவில்லை. எல்லா பிராசஸரிலும் 'சார்' மைனஸ் இல்லாததாகவே இருக்கட்டும் என்று கெர்னலையே மாற்றவைத்தார். 2023இல் வந்த 6.2 பதிப்பிலிருந்து அப்படித்தான். அந்த பிராசஸர் அப்படித்தான் என்று அங்கே யாரும் கையை விரிக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில் வேறு. இனி எல்லாருக்கும் ஆப்பிள் மடிக்கணினி, அதுவும் ஏ.ஆர்.எம்.தானே, பிரச்சினை தீர்ந்தது என்றார் ஒருவர். ஆப்பிள் தன் ஏ.ஆர்.எம்.மில் 'சார்'க்கு மைனஸ் வைத்திருக்கிறது ஐயா! அங்கேயும் இந்தப் பிழை தெரியாது. எண்ணூரில் ஓடும் அதே பெட்டி ஒன்றை மேசையில் வையுங்கள் என்றால் பட்ஜெட் இல்லையாம். இரண்டு ஆன்டெனாவுக்கும் ஆள் அனுப்பிய வண்டிச் செலவுக்கும் இருந்தது. காவலாளி சொன்னதைப் புகார்ப் பதிவில் ஒரு வரியாகச் சேர்ப்பதற்கு எந்த பட்ஜெட்டும் தேவைப்பட்டிருக்காது.

வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய இறுதி அறிக்கை என் பார்வைக்கு வந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'தள நெட்வொர்க் சூழல். மென்பொருள் மேம்பாட்டால் சரிசெய்யப்பட்டது' என்றிருந்தது. அடித்துவிட்டு 'எங்கள் நிரல் பிழை' என்று எழுதி, முதலில் சுட்டிக்காட்டியவர் வாசல் காவலாளி என்றும் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். மூன்று வாரமாகிறது. கையெழுத்தாகி வரவில்லை.