அடி விழுவது பேய் மேல் அல்ல

பேய் பிடித்தவளை அடித்தால் அவளுக்கு வலிக்காது, அடியெல்லாம் உள்ளே இருக்கும் பேய்க்குத்தான் போகும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. இந்த நம்பிக்கை தரும் துணிச்சலில்தான் பூசாரி சாட்டையை ஓங்குகிறார். பெற்ற தகப்பனே மகள் திமிறாமல் கையைப் பிடித்துக்கொள்கிறார். பேய் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். அடி யார் மேல் விழுகிறது என்பதில் பட்டிமன்றத்துக்கே இடமில்லை.

“அத்தனை அடிக்கும் அவள் அழவே இல்லையே, சிரித்தாளே!” என்பதுதான் இவர்கள் காட்டும் பெரிய சான்று. தன்னிலை மறந்தவருக்கு வலி மரத்துப்போவது உண்மைதான். அலகு குத்திக்கொள்பவரிடமும் இதைப் பார்க்கிறோம். மயக்க ஊசி போட்டு வயிற்றை அறுத்தால்கூட வலி தெரியாது. அதற்காக அறுபட்டது வேறொருவர் வயிறு என்று ஆகிவிடுமா? தன்னிலை திரும்பிய பிறகு முதுகில் தடித்திருக்கும் தழும்பு அந்தப் பெண்ணுடையது. அன்று இரவு குப்புறப் படுத்துக் கிடக்கப்போவதும் அவள்தான்.

பகுத்தறிவு பேசுபவர்களில் சிலர் இதற்கு எதிர்க்கரையில் நிற்கிறார்கள். “பேயாவது பிசாசாவது, எல்லாம் நடிப்பு. நாலு சாத்து சாத்தினால் தானாகத் தெளியும்!” காரணம்தான் வேறு; வைத்தியம் அதே அடிதான். மானிடவியலாளர் எரிகா பூர்கினான் 488 சமூகங்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, அவற்றில் சுமார் 90 விழுக்காட்டில் தன்னிலை மறக்கும் வழக்கம் ஏதோ ஒரு வடிவில் ஊரறிந்த நடைமுறையாகவே இருப்பதைக் காட்டினார். உலகமே கூடி நடிக்கிறது என்பது பதிலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் ‘ஆட்கொள்ளப்பட்ட நிலை’ தனிக் கோளாறாகவே இடம்பெற்றுள்ளது. வழிபாட்டின் பகுதியாக, ஊர் ஏற்றுக்கொண்ட முறையில் நிகழ்வதை அது நோயென்று சொல்வதில்லை. திருவிழாவில் சாமியாடுபவர் நோயாளி அல்லர். தான் விரும்பாமல், தன்னை மீறி வந்து வாழ்வைக் குலைக்கும்போதுதான் அது நோய்.

அப்படி வந்த ஒருவருக்கு என்ன செய்யலாம் என்பதை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சு உளவியலாளர் பியர் ழானே காட்டிவிட்டார். பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனைக்கு, சாத்தான் பிடித்ததாக ஒருவரைக் கொண்டுவந்தார்கள், வயது 33. கத்தல், சபித்தல் எல்லாம் உண்டு. ழானே, அவர் கவனம் வேறெங்கோ இருக்கும்போது விரல்களுக்கிடையே ஒரு பென்சிலைச் செருகி மெல்லிய குரலில் கேள்வி கேட்டார். கை தானாக எழுதியது: நான்தான் சாத்தான். “அப்படியானால் இவரைத் தூங்க வைத்துக் காட்டு” என்று ழானே சவால் விட்டார். ‘சாத்தான்’ தூங்க வைத்தது. அந்த அறிதுயிலில் கதை வெளிவந்தது. தொழில் நிமித்தம் வெளியூர் போன இடத்தில் அவர் மனைவிக்குத் துரோகம் செய்திருந்தார். குற்றவுணர்வு உள்ளேயே புழுங்கிச் சாத்தானாகியிருந்தது. மனைவி மன்னிப்பதுபோல அறிதுயிலிலேயே ஒரு காட்சியை ழானே உண்டாக்கினார். நோயாளி தேறினார். ஓர் அடிகூட விழவில்லை.

நம் கோடாங்கியும் உடுக்கை அடித்து “யார் நீ? உனக்கு என்ன வேண்டும்?” என்றுதான் கேட்கிறார். நல்ல கேள்வி. ஆனால் கேட்பது பேயிடம்! தமிழகத்தில் பேயோட்டும் சடங்குகளை நேரில் ஆராய்ந்த இசபெல் நபோகோவ், பேய் பிடித்ததாக வருபவர்களில் புதிதாக மணமான பெண்கள் அதிகம் என்று எழுதியிருக்கிறார். புகுந்த வீட்டில் அதே கேள்வியை அவளிடம் யாராவது ஒருமுறை கேட்டார்களா?

சில சமயம் காரணம் மனத்தில் இல்லை, மூளையில் இருக்கும். வலிப்பு நோய் ஒன்று. இன்னொன்று, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளையழற்சி. 2007இல் நரம்பியல் மருத்துவர் டல்மாவ் குழுவினர் இதை இனங்கண்டார்கள். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகிறது. பிதற்றல், பிரமை, உடல் முறுக்கல் என்று பார்ப்பதற்கு அச்சு அசல் பேய்தான். காலத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். சாட்டையடியில் கழியும் ஒவ்வொரு நாளும் அவள் உயிரிலிருந்து கழிகிறது.

“கோயிலில் தங்கிப் பலருக்குக் குணமாகியிருக்கிறதே” என்பார்கள். ஆகியிருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றி, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராம் குழுவினர் 2002இல் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட வேறொரு குழுவும் இல்லை. ஆனாலும் அங்கே பேயோட்டும் சடங்கே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். உறவினர் உடனிருந்தார்கள்; நோயாளிகள் கோயிலில் சின்னச் சின்ன வேலை செய்தார்கள்; யாரும் அவர்களை அச்சுறுத்தவில்லை.

இதற்கு நேரெதிர், தர்காவை நாடி மனநோயாளிகள் கூட்டிவரப்பட்ட ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

உங்கள் வீட்டில் ஒருத்திக்கு இப்படி வந்தால் கோயிலுக்குத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். திருநீறு பூசுங்கள், மந்திரியுங்கள். அதே நாளில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சாட்டையை எவர் ஓங்கினாலும், அவர் எந்தத் தெய்வத்தின் பெயரைச் சொன்னாலும், அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.