ஃபினாஸ்டிரைடு வீண் மருந்தா?

புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஒரு மாத காலம் உட்கொண்டும் குணம் காணாமையால் ஃபினாஸ்டிரைடு வீண் என்றும், சில தினங்களிலேயே சிறுநீர்த் தடையை இளக்கும் டாம்சுலோசினே போதும் என்றும் வாதிக்கும் நண்பர், தசையைத் தளர்த்துவதும் சுரப்பியைச் சுருக்குவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை மறந்துவிட்டார். பின்னதற்கு ஆறு மாதமேனும் அவகாசம் வேண்டும். தென்னங்கன்றை நட்ட மறுவாரமே இளநீர் கேட்பது நியாயமா? 2003-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், சுமார் 3,000 ஆடவரைச் சராசரியாக நான்கரை ஆண்டுகள் கண்காணித்தபோது, டாம்சுலோசினைப் போலவே தசை தளர்த்தும் டாக்ஸசோசின் தனித்து நின்று சத்திரசிகிச்சையின் அவசியத்தைக் குறைக்கவில்லை, ஃபினாஸ்டிரைடு குறைத்தது. சுரப்பி அதிகம் பருக்காதவர்க்கு இதனால் லாபம் சொற்பம் என்பதையும், சிலருக்குப் போக இச்சை குன்றும் என்பதையும் நான் மறுக்கவில்லை (நண்பர் இவற்றைச் சொல்லியிருந்தால் அவர் வாதம் வலுத்திருக்கும்). ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவை இம்மருந்து ஏறக்குறையப் பாதியாக்கிவிடுவதால், புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் செல்வோர் தாம் இதை உட்கொள்வதை மருத்துவரிடம் அவசியம் தெரிவிக்க வேண்டுகிறேன்.