டிஜிட்டல் என்றால் பவர்டு ஸ்பீக்கர்தான் என்று விதித்தது யார்?

என்னிடம் கிட்டார் கற்ற பையன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறான். சேர்த்துவைத்த பணத்தில் கெம்பர் பவர்ஹெட் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறான். செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் இரண்டு போட்ட அருமையான கேபினெட்டும் அவனிடம் இருக்கிறது. இரண்டையும் இணைக்க கேபிள் வாங்கப் போன கடையில், "தம்பி, உங்களோடது டிஜிட்டல். இந்த கேபினெட் ஒத்துவராது. வித்துட்டு பவர்டு ஸ்பீக்கர் எடுத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "வித்துடட்டுமா சார்?" என்று அவன் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அந்தக் கடையை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் மாடலர் வைத்திருக்கும் பத்துப் பேரிடம் பேசிப் பாருங்கள், பெரும்பாலானோர் இதையேதான் ஒப்பிப்பார்கள். டிஜிட்டலுக்கு ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு, வால்வ் ஆம்புக்கு ஆம்ப் இல்லாத பாஸிவ் என்று ஏதோ சாஸ்திரம் எழுதிவைத்தது போல. இது பச்சைப் பொய்.

பவர்ஹெட் என்பது என்ன? உள்ளேயே 600 வாட் கிளாஸ் டி பவர் ஆம்ப் வைத்த டிஜிட்டல் மாடலர். பின்பக்கம் ஸ்பீக்கர் அவுட் இருக்கிறது. பாஸிவ் கேபினெட்டை ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டது அது. அதை வைத்திருப்பவனிடம் பவர்டு ஸ்பீக்கர் வாங்கச் சொல்வது, கையிலிருக்கும் ஆம்பைச் சும்மா உட்காரவைத்துவிட்டு இன்னொரு ஆம்புக்குக் காசு பிடுங்கும் வேலை. உண்மையில் அக்கறை இருந்தால் கேபினெட் எத்தனை ஓம் என்று கேட்டிருப்பார்கள். ஸ்பீக்கர் தாங்குவதைவிட ஆம்பின் வாட் அதிகம், வால்யூமில் கவனமாக இரு என்று எச்சரித்திருப்பார்கள். கிட்டார் கேபிளைச் செருகாதே, தடித்த ஸ்பீக்கர் கேபிள் போடு என்று சொல்லியிருப்பார்கள். இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

பவர்டு, பாஸிவ் என்பது ஆம்ப் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ஸ்பீக்கரின் குரல் எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. 1960-களில் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்பையும் ஸ்பீக்கரையும் ஒரே பெட்டியில் அடைத்தது. மார்ஷல் ஆம்பைத் தனியாகவும், நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டைத் தனியாகவும் விற்றது. இதில் ஒன்று சரி, மற்றது தவறு என்று அன்று எந்தக் கிட்டார்க்காரனும் உளறவில்லை. இன்று மட்டும் ஏன் இந்தக் குழப்பம்?

"பாஸிவ் கேபினெட்ல மாட்டினா சத்தம் மங்குது" என்பார்கள். மங்கத்தான் செய்யும். மாடலருக்குள் கேபினெட்டின் ஒலியைப் போலச்செய்யும் சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறதே! கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய எதையும் தராது. அதே வெட்டைத்தான் சிமுலேஷனும் செய்கிறது. இரண்டு முறை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்திக்கொண்டு வெயிலைத் திட்டுகிற கதை இது. சிமுலேஷனை அணைத்துவிட்டு வாசியுங்கள், கேபினெட் வாய் திறக்கும். பவர்ஹெட்டில் இதற்கென்றே தனி வசதி இருக்கிறது. மேடையில் நிற்கும் கேபினெட்டுக்கு மட்டும் சிமுலேஷனை நிறுத்திவிட்டு, மிக்ஸருக்குப் போகும் லைனில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். கருவியைச் செய்தவர்களே வழி வைத்துத் தந்திருக்கும்போது ஒத்துவராது என்று தீர்ப்புச் சொல்ல இவர்கள் யார்?

பவர்ஹெட்டைச் செய்யும் ஜெர்மன் நிறுவனமான கெம்பரே செலஸ்டியனோடு சேர்ந்து கோன் என்ற ஸ்பீக்கரைச் செய்தது. அதைப் போட்டு 2020-இல் கெம்பர் கேபினெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பாஸிவ் பெட்டி! ஆம்ப் இல்லாத கெம்பர் மாடலரான புரொஃபைலர் வைத்திருப்பவர்களுக்காகப் பவர்டு வகையையும் பிறகு கொண்டுவந்தார்கள். ஆம்ப் உன்னிடம் இருந்தால் இது, இல்லையென்றால் அது. கணக்கு அவ்வளவுதான். டிஜிட்டல் உலகத்தின் பெரிய பெயர்களில் ஒன்றே பாஸிவ் விற்கிறது. நம் கடைக்காரர் மட்டும் கூடாது என்கிறார்.

அடுத்து வாட் மோசடி. பவர்டு ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியில் 2,000 வாட் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது நொடிப்பொழுது எட்டும் உச்ச அளவு. தொடர்ந்து தருவது அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். வாட்டை இரட்டித்தாலும் கூடுவது வெறும் 3 டெசிபல். விண்டேஜ் 30 ஸ்பீக்கர் தாங்குவது 60 வாட். ஆனால் ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் கத்தும். மேடையில் கேட்பது அட்டையில் இருக்கும் எண் அல்ல, இந்தத் திறன்.

பழுது வந்தால் என்ன செய்வீர்கள்? பாஸிவ் ஸ்பீக்கர் கிழிந்தால் அதன் கூம்பை மாற்றி ரீகோன் செய்ய ஆள் இருக்கிறார்கள். இல்லையென்றால் வேறு ஸ்பீக்கர் மாட்டலாம். பவர்டு பெட்டியில் உள்ளிருக்கும் ஆம்ப் போர்டு போனால், நல்ல ஸ்பீக்கரும் சேர்ந்து முடங்குகிறது. ஜெனரேட்டர் மின்சாரத்தில் நடக்கும் கச்சேரிகளில் போர்டு போவது புதிதா? மாற்று போர்டு வரும் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் கலைஞர்களை எனக்குத் தெரியும்.

மண்டபங்களின் லட்சணமும் இதில் சேர்ந்ததுதான். பாடகர், கீபோர்டு, கிட்டார் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மானிட்டரை வைக்கிறார்கள். கிட்டார்க்காரனுக்குத் தன் வாசிப்பே கேட்பதில்லை. பழியெல்லாம் தன் கருவிமேல் விழுகிறது என்று பயந்து, கச்சேரிக்குக் கிடைக்கும் சொற்ப சம்பளத்தில் கடன் வாங்கிப் பவர்டு பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு அலைகிறான். சவுண்டுக்காரர் செய்யவேண்டிய வேலைக்கு வாசிப்பவன் வட்டி கட்டுகிறான்.

கிட்டார் வாசிக்கும் தம்பி தங்கைகளே, இருக்கும் கேபினெட்டை விற்காதீர்கள். உங்கள் கருவிக்குள் பவர் ஆம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிறிய கிளாஸ் டி ஆம்ப் ஒன்றை வாங்குங்கள், பெடல் அளவில்கூட அது கிடைக்கிறது. ஓம் பொருந்துகிறதா என்று பாருங்கள், சிமுலேஷனை அணையுங்கள், பிறகு உங்கள் காதால் முடிவு செய்யுங்கள். பவர்ஹெட் வைத்திருப்பவனிடம் கேபினெட்டை விற்கச் சொல்லும் கடையில் ஒரு கம்பிகூட வாங்காதீர்கள்.